ப்ளாஸ்மா டிவி தோற்ற கதை - தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பார்வை

இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனிடம் "ப்ளாஸ்மா" என்று சொன்னால் ரத்த தானம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பான். ஆனால் 2005, 2006 வாக்கில் அந்த வார்த்தைக்கு இருந்த மவுசே வேறு! "அவங்க வீட்ல ப்ளாஸ்மா டிவி வாங்கிட்டாங்களாம்" என்றால் அந்தத் தெருவில் அது ஒரு செய்தி. சுவரில் படம் மாதிரி மாட்டிய டிவி எதைப் பார்த்தாலும் அதை ப்ளாஸ்மா என்றே சொன்னவர்களும் உண்டு, அது உண்மையில் எல்.சி.டி.யாக இருந்தாலும் கூட. இருபது வருடத்தில் அந்தப் பெயரே காணாமல் போய்விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், படத்தின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் ஜெயித்திருக்க வேண்டியது ப்ளாஸ்மாதான். நல்ல படம் காட்டியது தோற்று, சுமாரான படம் காட்டியது ஜெயித்தது எப்படி? ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்த யுத்தம் இது. ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து வீடுகளை வைத்து யோசித்தால் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் ப்ளாஸ்மா எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1964ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, அவர்களின் மாணவர் ராபர்ட் வில்சன் என்ற மூன்று பேர் சேர்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள். டிவிக்காக அல்ல! 'பிளேட்டோ' என்ற பெயரில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒரு கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. அதற்கு ஒரு நல்ல திரை வேண்டும் என்பதற்காகச் செய்ததுதான் இது. ஒரே கலர், ஆரஞ்சு. ஐ.பி.எம். கூட 1983ல் ஆரஞ்சு எழுத்து காட்டும் 19 இஞ்ச் ப்ளாஸ்மா திரை ஒன்றை விற்றது. பிறகு அந்தத் தொழிலே வேண்டாம் என்று ஐ.பி.எம். விலக, லாரி வெபர் என்ற ஆராய்ச்சியாளரும் சில கூட்டாளிகளும் 'ப்ளாஸ்மாகோ' என்ற கம்பெனி ஆரம்பித்து அந்தத் தொழிற்சாலைச் சாமான்களை வாங்கினார்கள். 1996ல் அந்தக் கம்பெனியை மாட்சுஷிதா, அதாவது இன்றைய பானாசோனிக், வாங்கியது. கலர் ப்ளாஸ்மாவை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது ஃபுஜிட்சு: 1992ல் 21 இஞ்ச், 1995ல் 42 இஞ்ச். 1997ல் ஃபிலிப்ஸ் 42 இஞ்ச் ப்ளாஸ்மா டிவியை அமெரிக்காவில் சுமார் 15,000 டாலருக்கு விற்றது. அன்றைய டாலர் கணக்கில் ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல். அதே பணத்தில் அப்போது தாம்பரம் தாண்டி ஒரு மனையே வாங்கியிருக்கலாம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லட்சக்கணக்கான குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நியான், செனான் வாயு. மின்சாரம் பாய்ந்தால் வாயு ப்ளாஸ்மா நிலைக்குப் போய்ப் புற ஊதாக் கதிரை விடும். அந்தக் கதிர், அறையின் சுவரில் பூசியிருக்கும் பாஸ்பர் பூச்சில் பட்டு சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். சுருக்கமாகச் சொன்னால் சில லட்சம் ட்யூப் லைட்டுகளைப் பொடிப் பொடியாக்கி அடுக்கி வைத்த மாதிரி. கறுப்பு வேண்டுமா, அந்த லைட்டை ஏறக்குறைய அணைத்துவிட்டால் போதும்.

எல்.சி.டி. இதற்கு நேர் எதிர். அதற்குச் சொந்தமாக வெளிச்சமே கிடையாது. பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை விடலாமா வேண்டாமா என்று ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடும். 1888ல் ஃபிரெட்ரிக் ரெய்னிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கொலஸ்ட்ரால் கலந்த ஒரு பொருளைச் சூடாக்கிப் பார்த்தபோது, அது ஒரு சூட்டில் கலங்கலாக உருகி, இன்னொரு சூட்டில் தெளிவாவதைக் கவனித்தார். அதுதான் திரவப் படிகத்தின் பிறந்த நாள். அதை வைத்துத் திரை செய்யலாம் என்று 1968ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியில் ஜார்ஜ் ஹெய்ல்மையர் குழு காட்டியது. அப்புறம் கைக்கடிகாரம், கால்குலேட்டர், லேப்டாப் என்று படிப்படியாக மேலே வந்தது. ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் கசியத்தானே செய்யும்? அதனால் எல்.சி.டி.யின் கறுப்பு, கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு பேய்ப்படம் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இங்கே நம்ம ஊர் நிலவரம் என்ன? 1975 ஆகஸ்ட் 15ல் மெட்ராஸ் தூர்தர்ஷன் தொடங்கியதிலிருந்து முப்பது வருடம் ஆட்சி செய்தது பிக்சர் ட்யூப் டிவிதான். சாலிடர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளின் டிவியே வீடுகளில் இருந்தன. 2006 தேர்தலில் இலவச கலர் டிவி தருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, அந்த வருடம் செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாளில் விநியோகத்தைத் தொடங்கியது. 14 இஞ்ச் ட்யூப் டிவி. 2011ல் ஆட்சி மாறி நிறுத்தும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டது. இந்தத் திட்டத்தை எதிர்த்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2013 ஜூலையில் தீர்ப்பானது. ஆக, உலகம் முழுக்க ட்யூப் டிவிக்கு மூடுவிழா நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில் (2007 கடைசி காலாண்டில் உலக விற்பனையில் எல்.சி.டி. ட்யூப் டிவியை முந்திவிட்டது) தமிழ்நாட்டில் ட்யூப் டிவி புதிதாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டிவியே இல்லாத வீட்டுக்கு 14 இஞ்ச் என்பது பெரிய விஷயம். ஆனால் ப்ளாஸ்மா, எல்.சி.டி. என்ற சண்டை நடந்தது மொத்த ஜனத்தில் ஒரு சின்னக் கூட்டத்துக்குள்தான் என்பதை மறக்கக் கூடாது. ஜி.எஸ்.டி. ரோட்டிலும் வேளச்சேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஃப்ளாட் வாங்கிய, ஐ.டி. சம்பளம் வாங்கிய கூட்டம் அது.

அந்தக் கூட்டம் டிவி வாங்கக் கடைக்குப் போனதும் ப்ளாஸ்மாவுக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. கடையில் தலைக்கு மேல் வரிசையாக ட்யூப் லைட். ப்ளாஸ்மாவின் முன்பக்கம் கண்ணாடி, அதில் அத்தனை லைட்டும் பிரதிபலிக்கும். போதாக்குறைக்கு, திரை முழுக்க வெளிச்சமான காட்சி வந்தால் மின்சாரம் அதிகம் இழுக்கக் கூடாது என்று ப்ளாஸ்மா தானாகவே பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் எல்.சி.டி.யோ பளிச்சென்று கண்ணைப் பறிக்கும். கடையில் நிற்கும் பத்து நிமிடத்தில் யாரும் படத்தின் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பதில்லை. பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி எட்டு மணிக்கு எது நன்றாக இருக்கும் என்பதைக் கடையில் வைத்துச் சொல்லவே முடியாது. இதைவிட அநியாயமான போட்டி இருக்க முடியாது!

அடுத்தது கேபிள். 2003 செப்டம்பர் 1 முதல் செட் டாப் பாக்ஸ் முறையைக் கொண்டுவந்த ஊர் சென்னை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு அனலாக் கேபிள்தான் தொடர்ந்தது. கம்பத்துக்குக் கம்பம் தாவி வரும் அந்த சிக்னல் 21 இஞ்ச் ட்யூபில் சுமாராகத் தெரியும். 42 இஞ்சில் போட்டால் ஈ மொய்த்த மாதிரி. சன் டிவி ஹெச்.டி.யில் வந்ததே 2011 கடைசியில்தான். அதற்குள் ப்ளாஸ்மாவின் நல்ல காலம் பாதி முடிந்துவிட்டது. அதாவது, ப்ளாஸ்மாவின் அருமையைக் காட்டக்கூடிய படமே இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

கேபிளில் இன்னொரு வில்லனும் இருந்தான்: சேனல் லோகோ. ப்ளாஸ்மாவில் ஒரே இடத்தில் ஒரே உருவம் மணிக்கணக்கில் நின்றால் அந்த இடத்து பாஸ்பர் சீக்கிரம் தேய்ந்து, நிழல் மாதிரி ஒரு தடம் நிரந்தரமாகப் படிந்துவிடும். காலை பக்திப் பாட்டில் ஆரம்பித்து ராத்திரி சீரியல் வரை ஒரே சேனல் ஓடுகிற வீடுகள் நம்ம ஊரில் கொஞ்சமா நஞ்சமா? லோகோ ஒரு மூலையில், செய்தி ஓடும் பட்டை கீழே, பழைய 4:3 படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. ப்ளாஸ்மா திரைக்கு இதைவிட மோசமான சாப்பாடு கிடையாது. பின்னாளில் வந்த மாடல்களில் படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் லேசாக நகர்த்தி இந்தப் பிரச்சினையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் "ப்ளாஸ்மா வாங்காதீங்க, லோகோ படிஞ்சிடும்" என்ற பேச்சு ஒரு முறை பரவிவிட்டால் அதை எந்த விளம்பரத்தாலும் அழிக்க முடியாது. அந்தப் பேச்சும் ஒரு விதத்தில் திரையில் படிந்த நிழல்தான் :)

கிரிக்கெட் விஷயத்தில் மட்டும் ப்ளாஸ்மாவை அடிக்க ஆளில்லை. எல்.சி.டி.யில் படிகம் திறந்து மூடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் வேகமாகப் போகும் பந்துக்குப் பின்னால் வால் முளைத்த மாதிரி தெரியும். ப்ளாஸ்மாவில் பந்து பந்தாகவே போகும். 2008ல் ஐ.பி.எல். தொடங்கி சேப்பாக்கமே மஞ்சளானபோது ப்ளாஸ்மாவுக்கு இது பெரிய பலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 2008 என்பது நம்ம மாநிலத்தில் வேறொன்றுக்கும் ஆரம்ப வருடம்: மின்வெட்டு.

இங்கேதான் விஷயம் உண்மையில் சூடு பிடிக்கிறது. 42 இஞ்ச் ப்ளாஸ்மா ஒன்று, காட்சியைப் பொறுத்து, தோராயமாக 250 முதல் 350 வாட் வரை இழுக்கும். 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். நம்ம மின்சார வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது, ஆக 60 நாளுக்கு 108 யூனிட் டிவிக்கு மட்டும். பின்னால் வந்த 32 இஞ்ச் எல்.இ.டி. டிவி 60 வாட் என்றால் அதே கணக்கில் 22 யூனிட் கூட வராது. 86 யூனிட் வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். 2012 கட்டண உயர்வுக்குப் பிறகு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முன்னால் உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடும். ஏ.சி.யும் ஃப்ரிட்ஜும் ஓடும் வீட்டில் அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பதற்கு ஒரு ப்ளாஸ்மா போதும்.

2012ல் சென்னையில் அறிவிக்கப்பட்ட மின்வெட்டே தினமும் 2 மணி நேரம். வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் போன நாட்களும் உண்டு. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அந்தக் காலத்தில்தான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் நானூறு, ஐந்நூறு வாட் தாங்கும். அதில் 300 வாட்டை டிவியே தின்றுவிட்டால் மின்விசிறிக்கு என்ன மிச்சம்? சித்திரை மாத ராத்திரியில் ஃபேனா டிவியா என்று கேட்டால் யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். இதோடு, இழுத்த 300 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் அது ஒரு குட்டி ஹீட்டர். டோக்கியோவில் டிசம்பரில் அது சுகமாக இருக்கலாம், தாம்பரத்தில் மே மாதம்?

எல்.சி.டி.யின் பெரிய குறை ஒன்றும் இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் மாறி, படம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். ஒரே சோஃபாவில் எல்லோரும் உட்கார முடியாமல் தாத்தா கட்டிலிலும், பிள்ளைகள் தரையிலுமாகப் பார்க்கும் வீட்டில் இது பெரிய குறை. இந்தக் குறையைச் சரிசெய்த கதையில் ஒரு தமிழர் வருகிறார் என்பது பலருக்குத் தெரியாது. சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். (நோபல் பரிசு பெற்ற வானியல் சந்திரசேகர் வேறு. அவரும் ராமன் குடும்பம்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இவரும் உடன் பணியாற்றிய சதாசிவா, சுரேஷ் இருவரும் 1977ல் ஒரு புது வகைத் திரவப் படிகத்தைக் கண்டுபிடித்து 'பிரமாணா' என்ற இந்திய ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதுவரை தெரிந்த படிக மூலக்கூறுகள் எல்லாம் குச்சி வடிவம். இவர்கள் கண்டது தட்டு வடிவம், நாணயத்தை அடுக்கி வைத்த மாதிரி. இருபது வருடம் கழித்து ஜப்பானின் ஃபுஜி ஃபிலிம் கம்பெனி இந்தத் தட்டு வடிவ மூலக்கூறுகளை வைத்து ஒரு மெல்லிய ஃபிலிம் செய்தது. அதை எல்.சி.டி.யின் மேல் ஒட்டினால் பக்கவாட்டிலிருந்தும் படம் ஓரளவு ஒழுங்காகத் தெரியும். கம்ப்யூட்டர் மானிட்டர்களில் லட்சோப லட்சமாக அது பயன்பட்டது. டிவிகளுக்கு ஹிட்டாச்சியும் ஃபுஜிட்சுவும் வேறு வழிகளையும் கொண்டுவந்தன. ஆக எல்.சி.டி. தன் குறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தது.

அதற்குக் காரணம் பணம். ப்ளாஸ்மா டிவிக்கு மட்டும்தான் பயன்படும், அதுவும் பெரிய டிவிக்கு. 32 இஞ்சுக்குக் கீழே அதன் அறைகளைச் சிறிதாக்கிச் செய்வது கட்டுப்படியாகவில்லை. எல்.சி.டி.யோ செல்போனிலிருந்து லேப்டாப் வரை எல்லாவற்றிலும் இருந்தது. அத்தனை வியாபாரத்திலும் வந்த லாபம் புதுத் தொழிற்சாலைகளுக்குப் போனது. ஷார்ப் கம்பெனியின் கமேயாமா ஆலை 2004ல் தொடங்கியபோது ஒரே கண்ணாடித் தகடு 1.5 மீட்டருக்கு 1.8 மீட்டர். 2009ல் அதே கம்பெனியின் சகாய் ஆலையில் ஏறக்குறைய 2.9 மீட்டருக்கு 3.1 மீட்டர். தகடு பெரிதானால் ஒரே வேலையில் அதிக டிவி, விலை சரசரவென்று இறங்கும். 2009ல் சாம்சங் பின் விளக்கை மாற்றிவிட்டு அதையே "எல்.இ.டி. டிவி" என்று புதுப் பெயரில் விற்றது. முன்னால் இருப்பது அதே எல்.சி.டி.தான்! ஆனால் மெல்லிசு, கரண்டும் கம்மி. நம்ம ஊர்க் கடைகளில் ப்ளாஸ்மாவின் கடைசி வாடிக்கையாளரையும் அந்தப் பெயர் இழுத்துக்கொண்டு போனது.

பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லிவிடக்கூடியது. ப்ளாஸ்மாவிலேயே மிகச் சிறந்தது என்று இன்றுவரை பேசப்படும் 'குரோ' டிவியைச் செய்த பயனியர், 2009 பிப்ரவரியில் டிவி தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2008ல் 150 இஞ்ச் ப்ளாஸ்மா காட்டி அசத்திய பானாசோனிக், 2013 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்.ஜி.யும் 2014 நவம்பரோடு முடித்துக்கொண்டன. பானாசோனிக் தன் ப்ளாஸ்மா திரைகளின் ஆயுள் ஒரு லட்சம் மணி நேரம் என்று விளம்பரம் செய்தது. தினம் 8 மணி நேரம் பார்த்தால் 34 வருடம். திரை தாங்கியிருக்கும், தொழிற்சாலை அதில் பாதி காலம் கூடத் தாங்கவில்லை. அதே 2014 நவம்பர் 1ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தி ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்ததும் இங்கே நினைவுக்கு வருகிறது. அது வேறு சாமான், வேறு காரணம். ஆனால் மின்னணுத் தொழிலில் ஒரு பொருளின் காலம் முடிவது என்றால் கம்பெனி பஸ் வருவது நிற்பது என்று தாம்பரம் வழியாக வேலைக்குப் போனவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிவியும் அந்தப் பக்கத்திலேயே தயாரானது. சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007ல் திறக்கப்பட்டது. ஆனால் எல்.சி.டி. டிவியின் உயிரான திரை இங்கே செய்யப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கோக்கப்பட்டது. 2018ல் மத்திய அரசு அந்தத் திரை மேல் இறக்குமதி வரி போட்டதும் சாம்சங் டிவி உற்பத்தியை இங்கே நிறுத்திவிட்டு வியட்நாமிலிருந்து முழு டிவியாகவே கொண்டுவந்தது. 2019 செப்டம்பரில் வரி நீக்கப்பட்டது, 2020 ஜூலையில் டிவி இறக்குமதிக்கே கட்டுப்பாடு வந்தது, உற்பத்தி மறுபடி இந்தியாவுக்குத் திரும்பியது. ட்யூப் டிவி காலத்தில் பிக்சர் ட்யூபையே இந்தியாவில் செய்த கம்பெனிகள் இருந்தன. தட்டை டிவி வந்ததும் அந்த இடம் காலியானது. ப்ளாஸ்மா ஜெயித்திருந்தாலும் இது மாறியிருக்காது என்றே தோன்றுகிறது.

ஜெயித்தவர்களும் நிம்மதியாக இல்லை. ஷார்ப்பை 2016ல் ஃபாக்ஸ்கான் வாங்கியது. அந்தப் பிரம்மாண்ட சகாய் ஆலை டிவி திரை உற்பத்தியை 2024ல் நிறுத்தியது. எல்.சி.டி. திரை இப்போது பெரும்பாலும் சீனாவில்.

மிஞ்சியது பழைய டிவிகள். 2015 டிசம்பர் 1, 2 மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீட்டுக்குள் வந்தபோது கட்டிலும் ஃப்ரிட்ஜும் டிவியும் ஒன்றாகத்தான் மிதந்தன. தப்பியவற்றில் சில பழைய டிரங்க் ரோட்டில் நடக்கும் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு வந்து சேரும். அங்கே ஒரு ட்யூப் டிவியை மெக்கானிக் ஒருவர் பார்த்தால் ட்ரான்ஸிஸ்டரையோ கெப்பாஸிட்டரையோ மாற்றி ஓட வைத்துவிடுவார். எல்.சி.டி.யில் பவர் போர்டும் பின் விளக்கும் போனால் மாற்றலாம், திரையே உடைந்தால் புது டிவி விலை ஆகும். ப்ளாஸ்மாவில் திரை போனால் எந்த விலைக்கும் வழியில்லை, உலகில் எங்கேயும் அதைச் செய்வதில்லை. அதனால் அதிலிருக்கும் போர்டுகளையும் செம்பையும் அலுமினியத்தையும் கழற்றிக்கொண்டு, முப்பது கிலோ எடையில் பெரும் பங்கான கண்ணாடியைத் தள்ளிவிடுகிறார்கள்.

ப்ளாஸ்மாவின் குணத்தோடு இன்று விற்பது ஓ.எல்.இ.டி. அதிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும், கரண்டும் அவ்வளவு இழுக்காது. விலை மட்டும் பழைய ப்ளாஸ்மா மாதிரியே கையைக் கடிக்கும். ஒரே சேனலை நாள் முழுக்க ஓட விட்டால் மூலையில் லோகோ படியும் பயம் அதிலும் உண்டு.